கேட்டு வாங்கிய நஞ்சு



பயிர் நோயைப் பற்றிப் பேச வந்தவன் எந்த மருந்தை எத்தனை மில்லி அடிக்க வேண்டும் என்று சொல்வான் என எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்று மருந்துக் கணக்குக்குள் நான் போகப்போவதில்லை. தானியப் பயிர்களைத் தாக்கும் பூஞ்சாணங்களில் சில, நஞ்சு தயாரிக்கத் தெரிந்தவை. அந்த நஞ்சு வேலை செய்யப் பயிருக்குள் அதற்கென்று ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைப் பல தடவை நாமே தேடிப் பிடித்து, நல்லது என்று நம்பி, லட்சக்கணக்கான ஏக்கரில் விதைத்திருக்கிறோம். அந்தக் கதைகளைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அமெரிக்காவில் 1970-ஆம் ஆண்டு மக்காச்சோளத்துக்கு நேர்ந்ததிலிருந்து தொடங்குகிறேன்.

மக்காச்சோளத்தில் ஆண் பூங்கொத்து உச்சியில் இருக்கும், பெண் கதிர் தண்டின் நடுவில் இருக்கும். வீரிய ஒட்டு விதை எடுக்க வேண்டுமானால், பெண் வரிசையில் நிற்கும் ஒவ்வொரு செடியின் உச்சியையும் மகரந்தம் கொட்டுமுன் பிடுங்கிவிட வேண்டும். ஒரு செடியை விட்டாலும் விதை கலப்படமாகிவிடும். இந்த வேலைக்காக அமெரிக்க விதைக் கம்பெனிகள் கோடை விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாகக் கூலிக்கு வைத்துக்கொண்டிருந்தன. செலவு அதிகம், மேற்பார்வை பெரும்பாடு.

ராஜர்ஸ், எட்வர்ட்சன் என்ற இருவர் 1952-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டெக்சாஸில் கிடைத்த ஒரு மக்காச்சோளத்தில் நல்ல மகரந்தம் உருவாவதே இல்லை. அந்த மலட்டுத்தன்மை தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு இறங்குகிறது என்பது அதன் சாரம். விதைக் கம்பெனிகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? பெண் வரிசைக்கு அந்தத் தாய்வழியை ஏற்றிவிட்டால் உச்சி பிடுங்கும் வேலையே மிச்சம். உழவர் வயலில் மணி பிடிக்க வேண்டுமே என்றால், அதற்கு மகரந்தத்தை மீட்டுத் தரும் மரபணு தந்தை வழியில் வந்துவிடும். கச்சிதமான ஏற்பாடு. 1970-க்குள் அமெரிக்காவில் விதைத்த ஒட்டு மக்காச்சோளத்தில் ஏறத்தாழ 85 சதவீதம் அந்த ஒரே டெக்சாஸ் தாய்வழிக்கு வந்துவிட்டது. பை வேறு, பெயர் வேறு, விளம்பரம் வேறு. தாய் மட்டும் ஒருத்தி.

எச்சரிக்கை வராமல் இல்லை. பிலிப்பைன்ஸில் மெர்காடோ, லான்டிகன் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1961-லேயே எழுதினார்கள்: டெக்சாஸ் தாய்வழிச் செடிகளில் இலைக்கருகல் நோய் அளவுக்கு மீறி வருகிறது என்று. வெப்ப மண்டலத்து ஈரத்தில் அப்படித்தான் இருக்கும், நமக்கு வராது என்ற நினைப்பில் அமெரிக்காவில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1970-இன் தொடக்கத்தில் ஃப்ளோரிடாவில் நோய் கண்டது. பூஞ்சாணம் புதிதல்ல. அன்றைக்கு அதன் பெயர் ஹெல்மின்தோஸ்போரியம் மேடிஸ், இன்றைக்கு பைபோலாரிஸ் மேடிஸ். (பெயர் மாற்றுவதில் எங்கள் துறைக்கு இருக்கும் ஆர்வத்தில் பாதி நோயைத் தடுப்பதில் இருந்திருக்கலாம் என்று மாணவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு.) தென் மாநிலங்களில் எப்போதும் இருந்த, யாரும் கவலைப்படாத நோய் அது. வந்தது மட்டும் புதிய இனம். இலையோடு நிற்காமல் தண்டு, உறை, கதிர் என்று எல்லாவற்றையும் தின்றது. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வந்த ஈரக்காற்றில் வித்துகள் வடக்கே ஏறின. மே மாதம் அலபாமா, மிசிசிப்பி; கோடையில் இல்லினாய், அயோவா; செப்டம்பருக்குள் விஸ்கான்சின் தாண்டிக் கனடா எல்லை வரை போய்விட்டது. நாடு முழுவதற்குமாக விளைச்சலில் சுமார் 15 சதவீதம் போனது, தெற்கில் பல இடங்களில் பாதிக்கு மேல். இழப்பை நூறு கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். அதே வயல்களின் ஓரத்தில் பழைய தாய்வழிச் செடிகள் சிறு சிறு புள்ளிகளோடு பச்சையாக நின்றன.

அந்த வித்தியாசம்தான் புதிர். தந்தை வழி மரபணுக்கள் ஒன்றே, மண் ஒன்றே, மழை ஒன்றே. தாய்வழி மட்டும் வேறு.

புதிய இனம் ஒரு நஞ்சைச் சுரந்தது. டெக்சாஸ் செடியை மட்டும் கொல்வதால் அதற்கு 'டி நச்சு' என்று பெயர். நீளமான கார்பன் சங்கிலி. பார்வைக்குச் சாதாரணமான வேதிப்பொருள். பழைய தாய்வழி இலையில் ஒரு சொட்டு விட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது, டெக்சாஸ் இலையில் விட்டால் கருகும். காரணம் தெரியப் பதினாறு ஆண்டுகள் ஆயின. டூயி, லெவிங்ஸ் குழுவினர் 1986-இல் டெக்சாஸ் செடியின் மைட்டோகாண்ட்ரியாவில், அதாவது செல்லுக்கு ஆற்றல் தயாரித்துக் கொடுக்கும் உறுப்பில், வேறெந்தச் செடியிலும் இல்லாத ஒரு மரபணுவைக் கண்டார்கள். பழைய மரபணுத் துண்டுகள் தற்செயலாக ஒட்டிக்கொண்டு பிறந்த கோளாறான மரபணு அது. 115 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சின்னப் புரதத்தை அது தயாரிக்கிறது. அந்தப் புரதம் மைட்டோகாண்ட்ரியாவின் உள் சவ்வில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சும்மா இருக்கும்வரை செடிக்குத் தொந்தரவு இல்லை, மகரந்தம் மட்டும் கெடும். டி நச்சு வந்து அதில் ஒட்டினால் சவ்வில் ஓட்டை விழும், உள்ளே இருப்பதெல்லாம் ஒழுகும், செல் சாகும்.

இரண்டாண்டு கழித்து அவர்கள் அந்த மரபணுவை எடுத்து ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். மக்காச்சோளத்தோடு எந்த உறவும் இல்லாத அந்த நுண்ணுயிரும் டி நச்சைக் கண்டவுடன் முடங்கியது. மெத்தோமில் என்ற பூச்சி மருந்தை இங்கே வந்திருக்கும் உழவர்களுக்குத் தெரியும். டெக்சாஸ் மக்காச்சோளத்தில் அதை அடித்தாலும் இதே புரதம் வழியாக இலை கருகும். ஆக, மலட்டுத்தன்மையைத் தந்த புரதமும் நஞ்சை உள்ளே விட்ட புரதமும் ஒன்றே. கம்பெனிகள் 85 சதவீத வயல்களில் விதைத்தது அந்தப் புரதத்தைத்தான்.

1971-இல் பழைய தாய்வழிக்குத் திரும்பினார்கள், பிள்ளைகளை மறுபடி கூலிக்கு அழைத்தார்கள். 1972-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் முக்கியப் பயிர்களின் மரபணுச் சுருக்கத்தைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆபத்து மக்காச்சோளத்தோடு நிற்கவில்லை என்பதை அது பயிர் பயிராக எடுத்துக் காட்டியது. என்னைக் கேட்டால், வேளாண் மாணவர்கள் முதலாண்டிலேயே படிக்க வேண்டிய அறிக்கை அது. நாம் இறுதியாண்டில் அரைப் பக்கத்தில் முடித்துவிடுகிறோம்.

அமெரிக்கர்கள் இப்படி ஒன்றைப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று சொல்ல முடியாது என்பதுதான் வேடிக்கை. கால் நூற்றாண்டுக்கு முன் ஓட்ஸில் இதே போன்ற ஒன்று நடந்திருந்தது.

ஓட்ஸுக்குத் துரு நோய் பெரிய எதிரி. தென் அமெரிக்காவிலிருந்து வந்த விக்டோரியா என்ற ரகத்தில் துருவைத் தாங்கும் மரபணு இருந்தது. அதைக் கலந்து புது ரகங்கள் தயாரித்தார்கள், 1940-களின் தொடக்கத்தில் அவை அயோவா உள்ளிட்ட மாநிலங்களில் வேகமாகப் பரவின. சில ஆண்டுகளில் அந்த ரகங்கள் மட்டும் அடியிலிருந்து கருகத் தொடங்கின. 1946-இல் ஃபிரான்சஸ் மீஹன், மர்ஃபி இருவரும் காரணமான பூஞ்சாணத்தை விவரித்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரிலேயே விக்டோரியா இருந்தது. அடுத்த ஆண்டு, பூஞ்சாணம் வளர்ந்த திரவத்தை வடிகட்டி, பூஞ்சாணமே இல்லாத அந்த வடிநீரை மட்டும் கொடுத்தாலும் விக்டோரியா வழிச் செடிகள் சாகின்றன என்று காட்டினார்கள். கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக நீர்த்திருந்தாலும் அந்த நஞ்சு வேரின் வளர்ச்சியை நிறுத்திவிடும்.

துருவைத் தாங்கும் குணத்தையும் நஞ்சுக்குப் பலியாகும் குணத்தையும் பிரிக்க எத்தனையோ பேர் முயன்றார்கள், பிரிக்க முடியவில்லை. ஏன் பிரியவில்லை என்பதற்கு வலுவான விடை 2007-இலும் 2012-இலும் வோல்பர்ட், லோராங் குழுவினரிடமிருந்து வந்தது. ஓட்ஸில் இதை ஆராய்வது கடினம் என்பதால் அவர்கள் கடுகுக் குடும்பத்துச் சின்னச் செடி ஒன்றில் வேலை செய்தார்கள்.

துருப் பூஞ்சாணம் உயிருள்ள செல்லில் மட்டுமே வாழும். அது நுழைந்த இடத்தில் செடி தன் செல்களைத் தானே கொன்றுவிட்டால் அதற்குச் சோறு கிடையாது. செடியின் எதிர்ப்பு என்பது பெரும்பாலும் இந்தத் தற்கொலைதான். வேறு சில பூஞ்சாணங்கள் செத்த திசுவைத் தின்று வாழ்பவை. அவற்றுக்கு இந்தத் தற்கொலை பந்தி விரித்த மாதிரி. விக்டோரியா நஞ்சு செல்லை நேரே கொல்வதில்லை. எதிர்ப்பு மரபணு காவல் காக்கும் ஒரு புரதத்தைத் தொட்டு, துருதான் வந்துவிட்டது என்ற எச்சரிக்கையைக் கிளப்புகிறது. மீதி வேலையைச் செடியே செய்கிறது. ஆளரவம் கேட்டதும் திருடன் கையில் எதுவும் சிக்கக் கூடாதென்று வீட்டையே கொளுத்திவிடும் காவல்காரன், கரி பொறுக்க வந்தவனுக்கு எவ்வளவு உதவியாக இருப்பான்! ஓட்ஸிலும் துருவைத் தாங்கிய மரபணுவே நஞ்சுக்கு இரையானதாக இருக்கலாம் என்ற ஊகத்துக்கு இது பலமான ஆதரவு. ஒரே மரபணுவை இரண்டாகப் பிரிக்கச் சொன்னால் எந்த ஆராய்ச்சியாளரால் முடியும்?

இதைப் படித்தபோது எனக்கு வந்த எண்ணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். 'நோய் எதிர்ப்புத் திறன் கொண்ட ரகம்' என்று விதைப் பையில் அச்சடிக்கிறோமே, அதன் முன்னால் எந்த நோய்க்கு என்றும் பின்னால் எந்த நோயை விலையாகக் கொடுத்து என்றும் இரண்டு வரி சேர்க்க வேண்டும்.

கோதுமைக்கு வருகிறேன். இங்கே கதை இன்னும் விசித்திரம். கோதுமையில் இலைக்கும் உமிக்கும் நோய் தரும் ஒரு பூஞ்சாணத்திடம் 'டாக்ஸ் ஏ' என்ற புரத நஞ்சு இருந்தது. அந்த மரபணு எப்படியோ இன்னொரு பூஞ்சாண இனத்துக்குத் தாவிவிட்டது. ஏறக்குறைய 1940-கள் வரை யாரும் பொருட்படுத்தாத அந்த இரண்டாவது பூஞ்சாணம் அதன் பிறகு மஞ்சள் விளிம்போடு பழுப்புத் திட்டு விழும் பெரிய நோயாக மாறியது. ஃப்ரீசன், ஆலிவர் உள்ளிட்டோர் 2006-இல் இதை வெளியிட்டார்கள். பின்னர் 2018-இல் ஆஸ்திரேலியாவில் மூன்றாவது பூஞ்சாணம் ஒன்றிடமும் அதே மரபணு கிடைத்தது. அதுதான் நம் நாட்டில் பீகார், கிழக்கு உத்தரப் பிரதேசம், வங்காளம் என்று கங்கைச் சமவெளியின் ஈரமான பகுதிகளில் கோதுமை இலையைக் கருக்கும் பைபோலாரிஸ் சொரோகினியானா. நம் வயல்களிலிருந்து எடுத்த பூஞ்சாணத்திலும் டாக்ஸ் ஏ இருப்பதை 2020-இல் இந்திய ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்தார்கள். கோதுமையில் அதற்கு இடம் கொடுக்கும் மரபணுவின் அமைப்பும், ஓட்ஸ் கதையைப் போலவே, எதிர்ப்பு மரபணுவின் அமைப்புதான்.

ஆஸ்திரேலியர்கள் இங்கே நல்ல காரியம் ஒன்று செய்தார்கள். நஞ்சை மட்டும் சுத்தமாகத் தயாரித்துப் பயிர்ப் பெருக்கம் செய்பவர்களுக்குக் குப்பியில் கொடுத்தார்கள். ஊசி மாட்டாத சிரிஞ்சால் நாற்றின் இலைக்குள் அதைச் செலுத்த வேண்டும். சில நாளில் இலை கருகினால் அந்தச் செடியைத் தூக்கி எறியலாம். நோயை வயலுக்குக் கொண்டுவர வேண்டாம், பருவமழைக்குக் காத்திருக்க வேண்டாம். எதிர்ப்பைச் சேர்ப்பதற்குப் பதில் பலவீனத்தை நீக்குவது. பயிர்ப் பெருக்கத்தில் இது தலைகீழான வழி. நம் கிழக்கு மாநிலக் கோதுமைக்கு உடனே பொருந்தக்கூடியது என்று நான் நினைக்கிறேன்.

நெல்லை விட்டுவிட்டுப் போனால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள். நெல்லின் பழுப்புப் புள்ளி நோயைத் தருவதும் இதே பைபோலாரிஸ் குடும்பம். ஓஃபியோபோலின் என்ற அதன் நஞ்சு டி நச்சைப் போல ஆள் பார்த்துக் கொல்வதல்ல, பல செடிகளையும் பாதிக்கும். 1942-இல் வங்காளத்தில் இந்த நோய் பேயாட்டம் ஆடியது. அடுத்த ஆண்டு பஞ்சம், லட்சக்கணக்கில் சாவு. அப்போது வங்காளத்தில் பணியாற்றிய பூஞ்சாண நிபுணர் எஸ்.ஒய். பத்மநாபன் 1973-இல் எழுதிய கட்டுரையில் பஞ்சத்துக்கு நோயே முக்கியக் காரணம் என்றார். அமர்த்தியா சென் 1981-இல் எழுதிய நூலில் விளைச்சல் குறைவால் மட்டும் அந்தப் பஞ்சம் வந்துவிடவில்லை என்று வாதிட்டார். பூஞ்சாணம் நெல்லைத்தான் குறைத்தது, அரிசி விலையையும் போர்க்கால ஆட்சியையும் அது நடத்தவில்லை என்பது என் கட்சி.

ஒட்டு நெல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்க மக்காச்சோளம் கருகிய அதே 1970-இல், சீனாவின் ஹைனான் தீவில் யுவான் லாங்பிங் குழுவினர் ஒரு மலட்டுக் காட்டு நெல்லைக் கண்டெடுத்தார்கள். இன்று இந்தியாவில் விற்கும் ஒட்டு நெல் விதைகளில் மிகப் பெரும்பாலானவற்றின் தாய்வழி அந்தச் செடியிலிருந்து வந்ததுதான். இந்தத் தாய்வழி டெக்சாஸ் போல ஆகும் என்று நான் சொல்லவில்லை. ஒரே தாயில் எல்லாவற்றையும் நிறுத்தாதே என்பதை 1972 அறிக்கை அடிக்கோடிட்டுச் சொன்னது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி பயிரை மட்டும் கொல்லும் நஞ்சு. அந்தக் கருகிய மக்காச்சோளத்தை மாடு தின்றால் டி நச்சால் மாடு சாகாது. இனி வருவது நம் தட்டுக்கு வரும் நஞ்சு.

கோதுமை பூக்கும் நேரத்தில் நாலைந்து நாள் தூறல் விழுந்தால் ஃபியூசேரியம் கிராமினேரம் என்ற பூஞ்சாணம் கதிரில் இறங்கும். கதிர் பச்சையாக இருக்க வேண்டிய நாளில் பாதி வெளுத்து நிற்கும், மணி சுருங்கி இளஞ்சிவப்பாகும். இதன் நஞ்சு டியாக்சினிவாலினால். ஜப்பானியரும் அமெரிக்கரும் 1970-களின் தொடக்கத்தில் தனித்தனியாக இதைப் பிரித்தார்கள். தின்ற பன்றிகள் வாந்தியெடுத்ததால் அமெரிக்கர் வைத்த பெயர் வொமிட்டாக்சின். புரதம் தயாரிக்கும் ரைபோசோமையே இது அடைத்துவிடுகிறது. ரைபோசோம் கோதுமையிலும் உண்டு, பன்றியிலும் உண்டு, நம்மிலும் உண்டு. அதனால் இதற்கு நாம் தனியாக இடம் கொடுக்கத் தேவையில்லை.

பூஞ்சாணத்துக்கு இந்த நஞ்சு எதற்கு? 1995-இல் அதைத் தயாரிக்கும் மரபணுவை முடக்கிப் பார்த்தார்கள், நோயின் வேகம் குறைந்தது. பின்னர் 2005-இல் காரணம் புரிந்தது. நஞ்சில்லாத பூஞ்சாணம் ஒரு பூவில் நுழைகிறது, ஆனால் கதிரின் நடுத்தண்டைத் தாண்ட முடிவதில்லை. செடி அங்கே செல் சுவர்களைத் தடிக்க வைத்து வழியை அடைத்துவிடுகிறது. நஞ்சு இருந்தால் சுவர் எழுப்பும் வேலை நின்றுபோகிறது, பூஞ்சாணம் பூவுக்குப் பூ நகர்கிறது. வாற்கோதுமையில் நஞ்சு இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை என்பது இன்னொரு புதிர்.

இதற்கு மாற்று எங்கிருந்து வந்தது தெரியுமா? கோதுமையின் தூரத்து உறவான ஒரு காட்டுப் புல்லில் இந்த நஞ்சை முறிக்கும் நொதி ஒன்று இருப்பதைச் சீன ஆராய்ச்சியாளர்கள் 2020-இல் வெளியிட்டார்கள். அந்த மரபணு புல்லுக்கு எப்போதோ வேறொரு பூஞ்சாணத்திடமிருந்து வந்து சேர்ந்ததாம். புல்லுக்குள் தொந்தரவில்லாமல் குடியிருக்கும் வகைப் பூஞ்சாணம் அது.

ரொட்டி சுடும் சூட்டில் டியாக்சினிவாலினால் அழியாது. காஷ்மீர் பள்ளத்தாக்கில் 1987-இல் மழையில் நனைந்த கோதுமை மாவில் செய்த ரொட்டியைத் தின்றவர்களுக்கு வயிற்றுவலி, தொண்டை எரிச்சல், வாந்தி, பேதி. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ரமேஷ் பட் குழுவினர் அந்த மாவில் இந்த வகை நஞ்சுகளைக் கண்டு 1989-இல் எழுதினார்கள். 1995-இல் தக்காணத்தில் அறுவடை நேரத்து மழையில் நனைந்த சோளமும் மக்காச்சோளமும் இன்னொரு ஃபியூசேரியம் நஞ்சான ஃபியூமோனிசினைக் கொண்டுவந்தன. 27 கிராமங்களில் வயிற்றுவலி, வயிற்றில் கடகட சத்தம், பேதி. அந்த நனைந்த தானியத்தைத் தின்ற வீடுகளில் மட்டுமே நோய்.

சோளத்தில் நம் கையும் இருக்கிறது. பழைய நாட்டுச் சோளங்கள் பகல் குறுகும்போது பூத்து, மழை ஓய்ந்த பிறகு முற்றும். 1964-இல் வந்த முதல் ஒட்டுச் சோளமான சி.எஸ்.எச்.1 முதற்கொண்டு, குறுகிய வயதுள்ள வெள்ளைச் சோளங்கள் மழைக்குள்ளேயே முற்றின. விளைச்சல் ஏறியது, கூடவே கதிர்ப் பூஞ்சாணமும் ஏறியது. சிவப்பு மணிச் சோளங்கள் பொதுவாக இதை அதிகம் தாங்கும். ஆனால் சந்தை வெள்ளையைத்தான் கேட்டது. கம்பிலும் இதே பாடு. ஒட்டுக் கம்பில் சூல்முடி வெளியே வந்து மகரந்தத்துக்குக் காத்திருக்கும் இடைவெளியில் தேன் ஒழுகல் நோய் புகுந்துகொள்கிறது. அதன் கறுப்புக் கட்டிகள் தானியத்தோடு கலந்தால் தின்றவர்களுக்குக் குமட்டல், தலைச்சுற்றல், தூக்கம். மகாராஷ்டிரத்திலும் ராஜஸ்தானிலும் பார்த்திருக்கிறார்கள். 10 லிட்டர் நீரில் 1 கிலோ உப்பைக் கரைத்து விதைக் கம்பைக் கொட்டினால் கட்டிகள் மிதந்துவிடும். அள்ளிப் போட்டுவிட்டு, விதையை நல்ல நீரில் இரண்டு மூன்று தடவை கழுவ வேண்டும்.

கோதுமைக்கு நம் நாட்டில் டியாக்சினிவாலினால் வரம்பு கிலோவுக்கு 1 மில்லிகிராம். இப்படிப்பட்ட வரம்பெல்லாம் விற்பனைக்கு வரும் தானியத்துக்குத்தான் பொருந்தும். நனைந்து கறுத்த சோளம் உணவுச் சந்தையில் எளிதில் விலைபோவதில்லை, விற்காமல் நின்றது எந்தச் சோதனைக்கும் வருவதில்லை. விளைத்தவர் வீட்டிலேயே தங்கி, முதலில் கோழிக்கும் மாட்டுக்கும் போகும். நல்ல தானியம் தீர்ந்த மாதத்தில் களிக்கும் ரொட்டிக்கும் போகும். சில நிமிடங்களில் நஞ்சைக் காட்டும் சோதனைப் பட்டைகள் இன்று கிடைக்கின்றன. அறுவடை மழைக்குப் பிறகு பயிர்ச் சேதம் கணக்கெடுக்க அலுவலர்கள் எப்படியும் ஊருக்கு வருகிறார்கள். வரும்போது அந்தப் பட்டைகளையும் கொண்டுவந்து, வீட்டில் கொட்டி வைத்திருக்கும் தானியத்தில் ஒரு பிடி எடுத்துப் பார்க்கச் சொல்லி உங்கள் ஊராட்சியில் தீர்மானம் போடுங்கள். இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.